சீலைப்பேனும் மாற்றுடையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஸஹீஹுல் புகாரீயின் ஜிஹாத் பாகத்தில், போரின்போது பட்டு அணிவது பற்றித் தனியே ஒரு பாடம் உண்டு. அப்பாடத்தில் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஓர் அறிவிப்பு ஸஹாபாப் பெருமக்கள் இருவரைப் பற்றியது. சுவனத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மருள் அடங்கும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களும் பேன் தொல்லையால் வருந்தி, அதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டனர். ஆண்களுக்கு விலக்கப்பட்ட பட்டாடையை அணிந்துகொள்ள அவ்விருவருக்கும் அனுமதி கிடைத்தது. பின்னர் ஒரு போரில் அவ்வாடை அவர்கள் மீதிருந்ததைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) கூறுகிறார்கள்.

மதரஸாக்களில் இந்த ஹதீஸை ஓதிவரும் மாணவர், பட்டின் சட்டத்தை மனத்தில் இருத்திக்கொண்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றனர். பேன் என்ற சொல்லருகே நின்று சிந்திப்போர் குறைவு. சிலர் அச்சொல்லைக் கேட்டுச் சிரிப்பதும் உண்டு. எனினும், உலக வரலாற்றில் வாளாலும் பீரங்கியாலும் மாண்ட படைகளுக்கு இணையாகப் பேனால் மாண்ட படைகளும் உண்டு என்பதை அறிந்தோர், இந்த இடத்தை அவ்வளவு எளிதாகக் கடக்கமாட்டார்கள். அச்சொல்லின் பின்னே இருக்கும் சமூக வரலாற்றையும், அதனை நம் முன்னோர் எதிர்கொண்ட விதத்தையும், நவீன மருத்துவம் அதனைத் தெளிவுபடுத்திய கதையையும் இக்கட்டுரையில் ஒருசேர நோக்க முற்படுகிறோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். அரபுமொழியில் பேனுக்குக் 'கம்ல்' என்றும், ஈருக்கு 'ஸிஃபான்' என்றும் பெயர். முடியிலோ துணியிலோ பேன் துருவுவதற்கு 'ஃபலா' என்ற ஒரே வினைச்சொல் வழங்குகிறது. நம் தமிழோ இன்னும் நுட்பமானது. தலையில் வாழ்வதைப் பேன் என்றும், துணியில் வாழ்வதைச் சீலைப்பேன் என்றும் அது பிரித்தே பெயரிட்டுள்ளது. இப்பெயர் பொருத்தமானது என்பதை இன்றைய உயிரியல் உறுதி செய்கிறது. தலைப்பேன் முடியிலேயே வாழ்ந்து முடியிலேயே ஈர் இடுகிறது. சீலைப்பேனுக்கோ வீடு துணிதான். தையலோரங்களிலும் மடிப்புகளிலும் பதுங்கி, அங்கேயே ஈர் இட்டு, நாளில் சில முறை இரத்தம் குடிப்பதற்கு மட்டுமே மனித உடலுக்கு வந்து திரும்புகிறது. மனிதன் ஆடை அணியத் தொடங்கிய பின்னரே தலைப்பேனிலிருந்து சீலைப்பேன் பிரிந்திருக்க முடியும் என்று கருதிய மரபணு ஆய்வாளர்கள், அதனைக் கொண்டு ஆடையின் வயதையே கணக்கிட முயன்றனர். 2003இல் வெளிவந்த ஆய்வு ஏறத்தாழ 72,000 ஆண்டுகள் என்றது. 2011இல் வந்த ஆய்வு அதனை 1,70,000 ஆண்டுகள் வரை பின்னுக்குக் கொண்டு சென்றது.

இரு நிகழ்ச்சிகள், இரு சலுகைகள்

பட்டாடை நிகழ்ச்சியோடு சேர்த்துப் படிக்கத்தக்க மற்றொரு நிகழ்ச்சி ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் நடந்தது. கஅப் இப்னு உஜ்ரா (ரலி) அவர்கள் இஹ்ராம் நிலையில் அடுப்பெரித்துக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய தலையிலிருந்து பேன்கள் முகத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன. அதனைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இவை உமக்குத் துன்பம் தருகின்றனவா என்னும் பொருள்பட வினவினார்கள். ஆம் என்றதும் தலையை மழித்துக்கொள்ளப் பணித்தார்கள். இஹ்ராமில் முடி களைதல் கூடாது என்பது பொதுவிதி. நோயாலோ தலையில் ஏற்பட்ட துன்பத்தாலோ அவ்வாறு செய்ய நேர்ந்தவர் மூன்று நாள் நோன்பு நோற்கலாம், அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவளிக்கலாம், அல்லது ஓர் ஆட்டை அறுக்கலாம் என்ற சலுகை, அல்பகரா அத்தியாயத்தின் 196ஆம் வசனத்தையும் அதற்கான நபிவிளக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டு சட்டமாயிற்று. பிற்காலத்தில் கூஃபா பள்ளிவாசலில் இதுபற்றி வினவப்பட்டபோது, அவ்வசனம் தம்மை முன்னிட்டு இறங்கியதாயினும் சமுதாயம் முழுமைக்கும் பொதுவானது என்று கஅப் (ரலி) விளக்கினார்கள்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஒன்று புலப்படுகிறது. கஅப் (ரலி) அவர்களுக்குத் தொல்லை தலையில்; தீர்வு முடியைக் களைதல். ஸுபைர், அப்துர் ரஹ்மான் (ரலி) ஆகியோருக்குக் காட்டப்பட்ட தீர்வு ஆடையை மாற்றுதல். இரண்டிலும் பொதுவாக இருப்பது, ஒரு விலக்கு தளர்த்தப்பட்டமை. அத்தளர்வுக்குக் காரணமாக இறைவசனம் ஆளும் சொல் 'அதா', அதாவது துன்பம். பேன் பிடித்தவரைக் குறைகூறும் சொல் எதுவும் அங்கு இல்லை.

சட்டநூல்களும் இப்போக்கையே பின்பற்றின. தொழுபவரின் ஆடையில் படும் பேன், தெள்ளுப்பூச்சி ஆகியவற்றின் இரத்தம் ஷாஃபிஈ மத்ஹபில் சில நிபந்தனைகளோடு மன்னிக்கப்பட்டது. ஹனஃபீ மத்ஹபில் அது நஜீஸாகவே கொள்ளப்படவில்லை. பட்டாடைச் சலுகை பயணத்துக்கு மட்டும்தானா, ஊரிலிருப்போருக்கும் உண்டா என்ற வினாவுக்கு, இரு நிலையிலும் உண்டு என்பதே சரியான கருத்து என இமாம் நவவீ (ரஹ்) முடிவு கூறினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து இதற்கு மாறானது. சில அறிவிப்புகளில் பேன் என்றும் வேறு சிலவற்றில் சொறி என்றும் காரணம் வந்திருப்பதை, பேனால்தான் சொறி உண்டாயிற்று என்று இணைத்து விளக்கினார்கள் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்). மருத்துவ நோக்கிலும் அது பொருத்தமான இணைப்பே. சீலைப்பேன் பற்றியவரின் இடுப்பிலும் அக்குளிலும் தோளிலும் முதலில் தோன்றும் குறி, இடைவிடாத அரிப்பு.

ஒற்றையாடைச் சமூகம்

அத்தூய சமூகத்தில் பேன் எவ்வாறு வந்தது என்று சிலர் தயக்கத்தோடு வினவுவர். இதற்கான விடை ஹதீஸ் நூல்களிலேயே இருக்கிறது. ஒரே ஆடையில் தொழலாமா என்று ஒருவர் கேட்டபோது, உங்களில் ஒவ்வொருவரிடமும் இரண்டு ஆடைகள் இருக்கின்றனவா என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அச்சிறு வினாவில் மதீனாவின் பொருளாதார நிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. பலருக்கு உடுத்தியிருந்ததே உள்ள ஆடை. அதைத் துவைத்தால் உலரும் வரை உடுத்துவதற்கு வேறில்லை.

வெள்ளிக்கிழமைக் குளிப்பின் பின்னணியை ஆயிஷா (ரலி), இப்னு அப்பாஸ் (ரலி) ஆகியோர் விளக்கும் அறிவிப்புகளும் இதையே காட்டுகின்றன. மக்கள் உழைப்பாளிகள், கம்பளியாடை உடுத்தியோர், புழுதியோடும் வியர்வையோடும் வந்தோர், பள்ளியோ குறுகலானது. அந்நெருக்கத்தில் ஒருவர் மற்றவருக்குத் துன்பமாகாதிருக்கக் குளிப்பு வலியுறுத்தப்பட்டது. அழுக்காடை அணிந்த ஒருவரைக் கண்டு, ஆடையைத் துவைத்துக்கொள்ள இவருக்கு எதுவும் கிடைக்கவில்லையா என நபிகள் நாயகம் (ஸல்) வினவியதை அபூதாவூத் பதிவு செய்துள்ளது. வசதியுள்ளவர் தொழிலாடை தவிர ஜும்ஆவுக்கென இரண்டு ஆடைகளை வைத்துக்கொள்ளலாமே என்னும் அறிவுரையும் அபூதாவூத், இப்னு மாஜா ஆகியவற்றில் இடம்பெறுகிறது. அண்ணலார் தம் ஆடையைத் தாமே துருவிப் பார்த்து, ஆட்டைத் தாமே கறந்து, தம் பணிகளைத் தாமே செய்துகொண்டதாக ஆயிஷா (ரலி) கூறியதைத் திர்மிதீயின் ஷமாயில் நூலில் காண்கிறோம். அத்திருமேனியில் பேன் இருந்ததா என்று விரிவுரையாளர் விவாதித்துள்ளனர். நமக்கு வேண்டியது, ஆடையைச் சோதித்துப் பார்ப்பது இழிவான வேலையாகக் கருதப்படவில்லை என்ற செய்தியே.

இங்கு ஒரு மருத்துவ உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். சீலைப்பேன் உடலில் தங்குவதில்லை ஆதலால், உடலை மட்டும் கழுவி அதே ஆடையை மீண்டும் உடுத்துபவருக்குக் குளிப்பால் விடுதலை கிடைப்பதில்லை. ஆடை மாற வேண்டும், அல்லது ஆடை சூடாக வேண்டும். ஆகவே சீலைப்பேன் அடிப்படையில் மாற்றுடை இல்லாதவரின் துன்பம். போர்வீரர், கைதி, அகதி, வீடற்றவர் ஆகிய நால்வரையும் அது வரலாறு நெடுகப் பின்தொடர்ந்ததற்குக் காரணம் இதுவே. செல்வரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களையும் அது பற்றியது என்றால், பாசறை வாழ்வில் செல்வரும் ஒற்றையாடைக்காரராகிவிடுகிறார் என்பதே பொருள்.

ஹகீம்களின் விளக்கம்

முஸ்லிம் அறிஞர்கள் பேனைக் கூர்ந்து நோக்கினர். ஹிஜ்ரி 255இல் மறைந்த ஜாஹிள், தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில், பேனின் நிறம் அது வாழும் முடியின் நிறத்தைப் பின்பற்றுகிறது என்று குறித்தார். தமீரீ (ஹி. 808) தம் 'ஹயாதுல் ஹயவான்' என்ற விலங்கியல் அகராதியில் பேனுக்கெனத் தனித் தலைப்பு அமைத்து, மொழி, சட்டம், மருத்துவம் ஆகிய மூன்றையும் அங்கே தொகுத்தார். இப்னு ஸீனா தம் 'கானூன்' நூலில் மடிக்கப்பட்ட பாதரசத்தைப் பேனுக்கும் ஈருக்கும் மருந்தாகக் கூறினார். பாதரசத்தின் நச்சுத்தன்மை தெரிந்த இக்காலத்தில் எவரும் அதைப் பின்பற்றலாகாது.

பேனின் பிறப்பைப் பற்றி அக்கால ஹகீம்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே கருத்தினர். உடலின் கெட்ட நீர்களும் தோலில் தேங்கிய அழுக்கும் வியர்வையும் சேர்ந்து பேனாக உருவாகின்றன என்பது யவன மருத்துவத்திலிருந்து வந்த கொள்கை. இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களும் 'ஸாதுல் மஆத்' நூலில் பட்டாடை ஹதீஸை இக்கொள்கையின் அடிப்படையிலேயே விளக்கி, பட்டின் இயல்பு பேன் உருவாவதற்கு இடம் தராது என்றார்கள். அழுக்கிலிருந்து உயிர் தானே தோன்றுவதில்லை என்பது 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான ரெடி முதலியோரின் சோதனைகளால் நிலைபெறத் தொடங்கியது. பேன் ஈரிலிருந்தே பிறக்கிறது. அந்த ஈரை மற்றொரு பேனே இடுகிறது.

இவ்விடத்தில் நம்மவருள் சிலர் இரு வகையில் தடுமாறுகின்றனர். ஒருசாரார், பழைய மருத்துவ விளக்கம் பிழையானபடியால் ஹதீஸே ஐயத்துக்குரியது என்கின்றனர். மறுசாரார், பட்டில் பேன் வாழவே முடியாது என்று நவீன விஞ்ஞானம் நிரூபித்துவிட்டதாக மேடையில் முழங்குகின்றனர். இரண்டுமே ஏற்கத்தக்கன அல்ல. வழவழப்பான துணியை விட முரட்டுக் கம்பளி பேனுக்கு நல்ல பிடிப்பும் மறைவிடமும் தருகிறது. கம்பளி தோலை உறுத்தவும் செய்கிறது. இதைக் கொண்டு பட்டின் பயனைப் புரிந்துகொள்ளலாம். பட்டில் பேன் தங்கவே தங்காது என்று சொல்ல மட்டும் இடமில்லை. ஹதீஸ் நமக்கு அளிப்பது ஒரு சலுகையும் அதற்கான காரணமும். சலுகை, துன்பத்தைக் காரணமாகக் கொண்டது. காரணத்துக்கு மருத்துவர்கள் தரும் விளக்கம் அந்தந்தக் காலத்து அறிவு, அது மாறும். விளக்கம் மாறுவதால் மூலம் மாறுவதில்லை. மூலத்துக்குப் பெருமை சேர்க்க எண்ணி விளக்கத்தை மிகைப்படுத்துவதும் அறிவுக்கு நேர்மை செய்வதாகாது.

தூனிஸ் மருத்துவமனையின் வாசல்

சீலைப்பேன் வெறும் அரிப்பைத் தருவதோடு நிற்பதில்லை என்ற உண்மை, ஒரு முஸ்லிம் நகரின் மருத்துவமனை வாசலில்தான் வெளிப்பட்டது. பிரெஞ்சு மருத்துவரான சார்ல் நிக்கோல் 1903 முதல் தூனிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கினார். அக்காலத்தில் துனீசியாவில் குளிர்காலந்தோறும் டைஃபஸ் என்னும் கொள்ளைக்காய்ச்சல் பரவி, கோடை வந்ததும் தணிந்தது. (டைஃபாய்டு வேறு, டைஃபஸ் வேறு. தமிழகத்தில் காணப்படும் ஸ்க்ரப் டைஃபஸும் வேறே. அது புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணிகளால் பரவுவது.) சிறை ஒன்றில் நோய் கண்டபோது நிக்கோல் அங்குச் செல்லவிருந்தார், உடல்நலக் குறைவால் செல்ல இயலவில்லை. அவரின்றிச் சென்ற மருத்துவரும் அவருடைய பணியாளரும் நோய்க்குப் பலியாயினர்.

நகரின் முஸ்லிம்களுக்குரிய ஸாதிக்கிய்யா மருத்துவமனையில் நிக்கோல் ஒரு விந்தையைக் கண்டார். வீதியிலும் வீட்டிலும் நோயாளி தம்மைச் சூழ்ந்தோருக்கு நோயைத் தந்தார். மருத்துவமனை வாசலில் அவரை ஏற்றுக்கொண்டோரும் அவருடைய உடைகளைக் கையாண்டோரும் துவைத்தோரும் நோயுற்றனர். ஆனால் உள்ளே படுக்கையறையில், நோயாளிகள் நெருக்கமாகக் கிடந்த இடத்தில், எவருக்கும் நோய் தொற்றவில்லை. வீதிக்கும் படுக்கைக்கும் இடையே நடந்தது என்ன? நோயாளியின் ஆடைகள் களையப்பட்டன, முடி மழிக்கப்பட்டது, சோப்பும் நீரும் கொண்டு அவர் குளிப்பாட்டப்பட்டார், மருத்துவமனை உடை அணிவிக்கப்பட்டது. அப்படியாயின் நோயைச் சுமந்து வந்தது உடையிலும் தோலிலும் இருந்த ஒன்று. சோப்பால் நீங்கிய ஒன்று. அது சீலைப்பேனாகவே இருக்க வேண்டும் என நிக்கோல் முடிவுக்கு வந்தார். 1909இல் கோன்ட், கோன்ஸெய் என்ற சக மருத்துவர் இருவருடன் குரங்குகளில் சோதனை நடத்தி அதை மெய்ப்பித்தார். 1928ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1936இல் அவர் தூனிஸிலேயே மறைந்தார். அந்த மருத்துவமனை இன்று, 17ஆம் நூற்றாண்டில் தம் செல்வத்தை வக்ஃபாக்கிய துனீசிய இளவரசி அஸீஸா உஸ்மானாவின் பெயரைத் தாங்கியுள்ளது.

இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1907இல், நம் நாட்டில் நாசிக் நகரின் மிஷன் பள்ளி ஒன்றில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல் பரவியபோது, மக்கி என்ற ஆங்கிலேய மருத்துவர் அதற்கும் சீலைப்பேனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியிருந்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

டைஃபஸ் கிருமிக்கு 1916இல் ரிக்கெட்ஸியா ப்ரொவாஸெக்கி என்று பெயரிடப்பட்டது. இந்நோயை ஆராய்கையில் அதற்கே பலியான ரிக்கெட்ஸ் (1910), ப்ரொவாஸெக் (1915) என்ற இரு அறிஞர்களின் நினைவைத் தாங்கும் பெயர் அது. கிருமி பேனின் கடியால் நேரே உட்புகுவதில்லை. பேனின் கழிவில் அது இருக்கிறது. அரிப்புத் தாளாமல் சொறிகையில் தோற்கீறல் வழியே உடலுள் செல்கிறது. காய்ச்சலால் உடல் மிகச் சூடானாலும், உயிர் பிரிந்து உடல் குளிர்ந்தாலும், பேன் அதைவிட்டு அடுத்த உடலைத் தேடிச் செல்கிறது. நோயாளியின் போர்வையையும் இறந்தவரின் உடையையும் பகிர்ந்துகொண்ட ஏழைகள் நோயையும் பகிர்ந்துகொண்டது இவ்வாறே.

வெப்பமும் நீராவியும்

உண்மை தெரிந்த சில ஆண்டுகளிலேயே முதல் உலகப் போர் மூண்டது. 1914 டிசம்பர் முதல் 1915 ஜனவரி வரை ஸாரிகாமிஷ் பனிமலைகளில் பேரழிவுக்குள்ளான உஸ்மானிய மூன்றாம் படையை அடுத்துத் தாக்கியது டைஃபஸ். அப்படையின் தளபதியான ஹாஃபிஸ் ஹக்கி பாஷாவே 1915 பிப்ரவரியில் எர்ஸுரூமில் அந்நோயால் இறந்தார். அதே ஆண்டு செர்பியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புரட்சிக்குப் பிந்திய ரஷ்யாவில் 1918 முதல் 1922 வரை சுமார் 30 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

அந்நெருக்கடியில் பயன்பட்ட முறை மிக எளிமையானது. செர்பியாவில் மருத்துவர்கள் அடியில் துளையிட்ட பீப்பாய்களைக் கொதிநீர் மீது வைத்து, உள்ளே உடைகளைத் திணித்து நீராவியில் வேகவைத்தனர். உஸ்மானியப் படைமருத்துவரும் நீராவிப் பெட்டிகளைச் செய்து அதையே கையாண்டனர். நம்மூர் வண்ணார் உவர்மண்ணில் தோய்த்த துணிகளை வெள்ளாவி வைத்ததும் இத்தத்துவத்தைச் சார்ந்ததே. பேனும் ஈரும் வெப்பத்துக்குத் தாங்குவதில்லை.

இன்றைய மருத்துவ அறிவுரையும் இதிலிருந்து அதிகம் விலகவில்லை. உடை, படுக்கைவிரிப்பு, துவாலை, போர்வை ஆகியவற்றைக் குறைந்தது 54 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் துவைத்து, சூட்டிலேயே உலர்த்த வேண்டும். தையலோரங்களில் சூடான இஸ்திரிப்பெட்டியை அழுத்தித் தேய்ப்பதும் நன்று. துவைக்க இயலாதவற்றைக் காற்றுப்புகாத பையில் இரண்டு வாரம் கட்டிவைக்கலாம். இதற்குக் கணக்கு உண்டு. இரத்தம் கிடைக்காத சீலைப்பேன் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் இறந்துவிடும். ஈர் பொரிக்க 6 முதல் 9 நாள் ஆகும். பொரித்த குஞ்சும் உணவின்றி மடியும். உடலுக்கோ, நல்ல குளிப்பும் தூய மாற்றுடையும் பெரும்பாலும் போதும். காய்ச்சல் கண்டவருக்கு மருத்துவர் தரும் டாக்ஸிஸைக்ளின் என்னும் மருந்து டைஃபஸை விரைவில் தணிக்கிறது.

பேன் என்னும் பழிச்சொல்

சீலைப்பேனை ஒழித்த வரலாற்றுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பேனை அழிப்பதாகச் சொல்லி மனிதரை இழிவுபடுத்திய நிகழ்ச்சிகள் பல. 1917 ஜனவரியில், அமெரிக்காவின் எல்பாஸோ நகருக்குள் வேலைக்கு வந்த மெக்ஸிக்கோ மக்களை எல்லைப் பாலத்தில் ஆடை களைந்து மருந்துநீரில் குளிப்பாட்டும் முறைக்கு எதிராகப் பெண்கள் கிளர்ந்தெழுந்தனர். 1940 நவம்பரில் வார்சா நகர யூதர்களை நாஜிகள் மதிலுக்குள் அடைத்தபோது, டைஃபஸ் பரவும் என்பதை ஒரு காரணமாகக் காட்டினர். யூதரையும் பேனையும் நோயையும் ஒன்றாக்கிச் சுவரொட்டிகளும் ஒட்டினர். பட்டினியும் நெருக்கமும் அம்மதிலுக்குள் அந்நோயை உண்மையிலேயே பரப்பின. துணிகளில் பேனைக் கொல்லப் பயன்பட்ட ஸைக்ளோன் பி என்ற நச்சுவாயுவே பின்னர் அவுஷ்விட்ஸில் மனிதரைக் கொல்லப் பயன்பட்டது. துன்புற்றவரைத் துன்பத்தோடு ஒன்றாக்கிப் பார்க்கும் பார்வை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் அதே காலத்தில் கிடைக்கிறது. 1943இல் அல்ஜீரியாவில், ஃபிரெட் ஸோப்பர் என்ற அமெரிக்க மருத்துவரின் குழுவினர் டிடிடி தூளைக் கைப்பம்பு கொண்டு கழுத்துப் பட்டி வழியாகவும் கைகளின் வழியாகவும் உடைக்குள் ஊதும் முறையைச் சோதித்தனர். எவரும் உடை களைய வேண்டியிருக்கவில்லை. நாணம் பேணும் மக்களிடையே இதன் பயன் சொல்லாமலே விளங்கும். அம்முறையே 1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மீது கையாளப்பட்டு, பரவிக்கொண்டிருந்த டைஃபஸைத் தடுத்து நிறுத்தியது. ஆயினும் அம்மருந்தின் ஆட்சி நீடிக்கவில்லை. 1950-51இல் கொரியப் போரின்போதே அதற்கு அஞ்சாத பேன்கள் தோன்றிவிட்டன. டிடிடி சுற்றுச்சூழலுக்கு இழைத்த தீங்கும் பின்னர் தெரியவந்தது. வெந்நீரை எதிர்த்து நிற்கும் பேன் மட்டும் இதுவரை பிறக்கவில்லை.

சலுகையிலிருந்து கடமைக்கு

சீலைப்பேன் மறைந்துவிட்டது என்று எண்ணுவோர், நாள்தோறும் துவைத்த பருத்தியாடை உடுத்தும் வெப்பநாட்டு வாழ்வை மட்டும் கண்டவர்கள். 1995 முதல் 1997 வரை, உள்நாட்டுப் போரில் சிதைந்த புருண்டி நாட்டின் சிறையிலும் அகதி முகாம்களிலும் டைஃபஸ் பல்லாயிரவரைத் தாக்கியது. 2015இல், சோமாலியா, எரித்திரியா முதலிய நாடுகளிலிருந்து ஐரோப்பாவை அடைந்த அகதிகளிடம் பேனால் பரவும் விட்டுவிட்டு வரும் காய்ச்சல் கண்டறியப்பட்டது. அவர்களுள் நம் சகோதரர் பலர். செல்வம் கொழிக்கும் மேலைநகரங்களின் வீதிகளில் உறங்குவோரிடமும், முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் வீரரை வாட்டிய பேன்வழிக் காய்ச்சல் இன்றும் காணப்படுகிறது. நாடும் காலமும் மாறினும், மாற்றுடை இன்மை என்ற நிலைமை ஒன்றே.

இதனை அறிந்த பின் பட்டாடை ஹதீஸை நாம் எவ்வாறு ஓதுவது? சலுகையின் சட்டத்தை மட்டும் ஓதி முடிப்பது போதாது. சத்தியத்தை முறித்தவருக்கான பரிகாரங்களுள் பத்து ஏழைகளுக்கு ஆடை வழங்குவதை அல்மாயிதா அத்தியாயத்தின் 89ஆம் வசனம், உணவளிப்பதற்கு நிகராக வைத்துள்ளது. எவ்வளவு ஆடை என்பதில் இமாம்கள் விரிவாக ஆராய்ந்தனர். ஆடை என்று பெயர்பெறும் எதுவும் போதும் என்றனர் ஷாஃபிஈகள். தொழுகைக்குப் போதுமானது வேண்டும் என்றனர் மாலிகிகள். உடலின் பெரும்பகுதியை மறைக்க வேண்டும் என்றனர் ஹனஃபிகள். இவ்வளவு நுணுக்கமாக அளந்து வைக்கப்பட்ட ஓர் அறச்செயலை நாம் இன்று பெருநாளைக்கு ஒரு புத்தாடை என்ற அளவில் சுருக்கிக்கொண்டோம். புயல், வெள்ளம், போர் என்று மக்கள் வீடிழக்கும்போது முதலில் அரிசியும் பருப்பும் அனுப்புகிறோம், அது தேவையே. அந்த மூட்டைகளோடு ஆளுக்கு ஒரு மாற்றுடையும், சோப்பும், துணி வேகவைக்க ஓர் அண்டாவும் விறகும் செல்லுமாயின், நோயின் பாதையில் பாதி அடைபட்டுவிடும். மருத்துவர் தூனிஸ் வாசலில் கண்டுபிடித்ததும் அதுவே.

கொடுக்கும் விதமும் முக்கியம். ஹுதைபிய்யாவில் உதிர்ந்த பேன்களைக் கண்ட கண்கள் முகம் சுளிக்கவில்லை. துன்பமா என்று வினவின. உடனே வழி காட்டின. முகாமின் வாயிலில் நிற்கும் தொண்டர் எவரும் அந்த வினாவிலிருந்தே தம் பணியைத் தொடங்கலாம். ஏழை ஒருவருக்கு இரண்டாம் ஆடையை அளிப்பவர், அவர் துவைத்துக்கொள்ளவும் தூய்மையோடு தொழவும் நோயின்றி உறங்கவும் வழி செய்தவராவார். அந்நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.